எண்பது டெஸ்டும் ஒரு சொட்டு வினிகரும்

பொங்கலுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. தவறாமல் செல்போனில் வந்து விழும். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்கள் அன்பை ஒரு ஹெல்த் செக்கப்பாக அனுப்புங்கள் என்கிற ரீதியில் விளம்பரம். எண்பது டெஸ்ட், பாதிக்குப் பாதி தள்ளுபடி, ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார், ரிப்போர்ட் உங்கள் மெயிலுக்கு வந்துவிடும். இங்கே மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று எனக்குத் தெரிந்த நம் ஆட்களில் நிறைய பேர் இதை வருஷா வருஷம் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு புக் பண்ணுகிறார்கள். பண்ணாதவர்களை "என்னப்பா, பெத்தவங்களுக்கு இதுகூட செய்யலையா?" என்று ஒரு பார்வையும் பார்க்கிறார்கள்.

இந்தப் பதிவு சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். கிளப்பட்டும். என் கட்சி இதுதான்: இந்தப் பேக்கேஜ்கள் நம் குற்ற உணர்ச்சிக்குப் போடும் களிம்பு. பெரியவர்களின் ஆயுளை இவை கூட்டுகின்றன என்பதற்கு ஆதாரம் கிடையாது. உயிரைக் காப்பாற்றும் என்று நம் மண்ணிலேயே, நம் பெண்களை வைத்தே நிரூபித்த சோதனைகள் சில உண்டு. அவை இந்த எண்பதில் இல்லை. நாமும் கேட்பதில்லை.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் இது மருந்து பற்றிய கேள்வி இல்லை, கணக்கு பற்றிய கேள்வி. அந்தக் கணக்கைப் போடும் துறைக்குப் பெயர் எபிடெமியாலஜி. கொள்ளைநோய் வந்தால் தலை எண்ணும் துறை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை வேறு. "இதைச் செய்ததால்தான் அது நடந்தது" என்று யாராவது சொன்னால், அப்படியா என்று சோதித்துப் பார்ப்பது. எங்கள் ஆடிட்டர்கள் மாதிரி.

சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே?

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை. ஒருவருக்கு ஒரு புற்றுநோய். என்ன வைத்தியம் செய்தாலும் 70 வயதில் இறந்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். 67-ல் வலி வந்து கண்டுபிடித்தால், நோய் தெரிந்தபின் 3 வருஷம் இருந்தார். 62-லேயே டெஸ்டில் கண்டுபிடித்தால் 8 வருஷம் இருந்தார். "ஐந்து வருஷம் தாண்டினார்" என்று விளம்பரத்தில் போடலாம். ஆனால் அவர் இறந்தது அதே 70-ல். நடுவில் ஐந்து வருஷம் நோயாளி என்கிற பட்டத்தோடு வாழ்ந்ததுதான் கூடுதல். ஃபிக்ஸட் டெபாசிட்டின் முதிர்வுத் தேதியை மாற்றாமல், ரசீதில் தொடக்கத் தேதியை மட்டும் முன்னால் தள்ளிப் போட்டுவிட்டு "பாருங்கள், எவ்வளவு நீண்ட காலம்!" என்று காட்டுகிற மாதிரி.

இரண்டாவது ஓட்டை. எங்கள் பிராஞ்சுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் வரும். அதில் மாட்டுவது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிற கோளாறுகள். இன்று கையை வைத்து நாளைக்கே ஊரைவிட்டு ஓடுகிறவன் இரண்டு இன்ஸ்பெக்ஷனுக்கு நடுவில் வந்து போயிருப்பான். புற்றுநோயும் அப்படித்தான். வருஷாந்திர டெஸ்டில் அதிகம் மாட்டுவது மெதுவாக வளர்கிற சாது. சில சமயம் கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் அவரை எதுவும் செய்திருக்காத சாது. வேகமாக வளரும் கொடூரன் இரண்டு டெஸ்டுக்கு நடுவில் வந்துவிடுகிறான். ஆகவே டெஸ்டில் கண்டுபிடித்தவர்கள் அதிகம் பிழைப்பது போலத் தெரியும்.

மூன்றாவது, ஆள் தேர்வு. யாரும் கூப்பிடாமலே பிராஞ்சுக்கு வந்து கே.ஒய்.சி. புதுப்பித்துக்கொண்டு போகிறவர்கள் கடனையும் ஒழுங்காகக் கட்டுவார்கள். அதனால் கே.ஒய்.சி. புதுப்பித்தால் கடன் வசூலாகும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். தானாகவே போய் செக்கப் செய்துகொள்கிறவர் ஏற்கெனவே வாக்கிங் போகிறவர், சிகரெட் பிடிக்காதவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர். அவர் அதிக நாள் வாழ்ந்தால் அந்தப் பெருமை செக்கப்பையா சேரும்?

இந்த மூன்று ஓட்டைகளையும் ஒரே நேரத்தில் அடைக்க ஒரு வழி உண்டு. ஆயிரக்கணக்கான பேரை சீட்டுக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு டெஸ்ட், இன்னொரு பக்கத்துக்கு இல்லை. பத்து, இருபது வருஷம் காத்திருந்து இரண்டு பக்கமும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டும். "கண்டுபிடித்தோம்" கணக்கில் வராது. "சாகவில்லை" மட்டும்தான் வரும்.

அப்படி எண்ணிப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். பொதுவான ஹெல்த் செக்கப் பற்றி இப்படிக் குலுக்கிப் போட்டுச் செய்த ஆய்வுகளை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்தார்கள். 2019-ல் அதைப் புதுப்பித்தார்கள். முடிவுகளைத் தந்த 15 ஆய்வுகளில் சுமார் 2.5 லட்சம் பேர். செக்கப் செய்த பக்கமும் செய்யாத பக்கமும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. கோபன்ஹேகனில் 59,616 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பக்கத்தில் இருந்தவர்களை மட்டும் செக்கப்புக்கு அழைத்து, தேவைப்பட்டவர்களுக்கு ஐந்து வருஷம் சாப்பாடு, உடற்பயிற்சி என்று ஆலோசனையும் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் சாவிலும் மாற்றம் இல்லை. 2014-ல் வெளியிட்டார்கள்.

பேக்கேஜ்களில் பெண்களுக்கு என்று தனியாகச் சேர்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு, சிஏ-125. சூலகப் புற்றுநோயைக் காட்டும் என்பார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2021-ல் இறுதி முடிவு வந்தது. வருஷா வருஷம் சிஏ-125 பார்த்த பெண்களிடம் நோய் ஆரம்ப நிலையிலேயே அதிகம் அகப்பட்டது. முற்றிய நிலையில் அகப்பட்டது குறைந்தது. ஆனால் இந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. மறுபடி படியுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், உயிர் மிஞ்சவில்லை. "சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே" என்பதற்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வைட்டமின் டி. நம் ஆட்களில் யாருக்குப் பார்த்தாலும் "குறைவு" என்றுதான் வருகிறது. அமெரிக்காவில் 25,871 பேருக்குக் குலுக்கல் முறையில் வைட்டமின் டி மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவு: புற்றுநோய் வருவதும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதும் குறையவில்லை. 2022-ல் எலும்பு முறிவும் குறையவில்லை என்று தெரிந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கமே 2024-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பேக்கேஜ் விற்பவர்கள் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

"செஞ்சு பாக்கறதுல என்ன நஷ்டம்?"

இதுதான் அடுத்த கேள்வி. நஷ்டம் இருக்கிறது.

லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று ஓர் எல்லை போட்டிருப்பார்களே, பெரும்பாலான டெஸ்டுகளில் அது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழுகிற எல்லை. அதாவது நல்ல ஆளாகவே இருந்தாலும் ஒவ்வொரு டெஸ்டிலும் 100-க்கு 5 பேர் வெளியே நிற்பார்கள். 20 டெஸ்டுகள் தனித்தனியானவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு நோயும் இல்லாத 100 பேரில் 64 பேருக்கு ஒரு சிவப்பு எழுத்தாவது வந்துவிடும். 80 டெஸ்ட் என்றால் 98 பேருக்கு. (நிஜத்தில் டெஸ்டுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் எண் கொஞ்சம் இறங்கும். போக்கு மாறாது.) எண்பது டெஸ்ட் என்று பெருமையாக விற்பதன் அர்த்தம், உங்கள் அம்மாவுக்கு ஏதாவது ஒன்று சிவப்பில் வரும் என்பதற்குக் கிட்டத்தட்ட உத்தரவாதம்.

அந்தச் சிவப்பு எழுத்து என்ன செய்யும் என்பதை எங்கள் பில்டிங்கிலேயே பார்த்தேன். மேல் மாடி நண்பர் கும்பகோணத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்கு இப்படி ஒரு பேக்கேஜ் அனுப்பினார். ஏதோ ஒரு கேன்சர் மார்க்கர் எல்லைக்குக் கொஞ்சம் மேலே. அந்த அம்மாள் ஆங்கிலம் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லி, அவன் "கேன்சர்" என்கிற வார்த்தையை மட்டும் படித்துச் சொல்லிவிட்டான். இவர் லீவு போட்டு ஓடி, ஸ்கேன், தஞ்சாவூரில் ஒரு டாக்டர், திருச்சியில் ஒரு டாக்டர், மறுபடி ரத்தம். மூன்று வாரம் கழித்து ஒன்றுமில்லை என்றார்கள். "ஒன்றுமில்லைன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்று நிம்மதிப்பட்டார். ஒன்றுமில்லாமல்தான் இருந்தது சார், முதலிலிருந்தே. அந்த மூன்று வாரம் அந்த அம்மாள் தூங்கவில்லை. அதை எந்த ரசீதிலும் காணோம்.

இது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டத்துக்குத் தென்கொரியா. 1999-ல் அங்கே அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிகள் "கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம்" என்று கூடவே விற்றன. நம்மூர் பேக்கேஜ் மாதிரியேதான். 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று பெயர் வாங்கியவர்கள் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்த ஒரே வருஷத்தில் 40,000 பேருக்கு மேல். அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை? மாறவே இல்லை. கண்டுபிடித்த எல்லோருக்கும் ஏறக்குறைய அறுவை சிகிச்சை. அவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி பழுதானது, 2 பேருக்குக் குரல் நரம்பு செயலிழந்தது. 2014-ல் அங்குள்ள டாக்டர்கள் சிலரே வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய பிறகு, ஒரு வருஷத்தில் அந்த அறுவை சிகிச்சைகள் 35 சதவீதம் குறைந்தன. இப்போது நம்மூர் ஸ்கேன் சென்டர்களின் பேக்கேஜ் பட்டியலில் கழுத்து அல்ட்ராசவுண்டைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

விற்காத டெஸ்டுகள்

டெஸ்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே குலுக்கல் சோதனையில் பாஸ் ஆன டெஸ்டுகள் இருக்கின்றன. கோபன்ஹேகனிலோ லண்டனிலோ இல்லை, திண்டுக்கல்லில்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களை இரண்டாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு பக்கத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சோதித்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. டெஸ்ட் என்ன தெரியுமா? வினிகர். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணால் பார்ப்பது. தெரிந்தால் சிகிச்சை. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: ஒரே ஒரு முறை செய்த சோதனையால் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

இங்கே மும்பையில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி குடிசைப்பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களை வைத்து இதையே செய்தது. பார்த்தது டாக்டர்கூட இல்லை. பத்தாவது படித்து, நான்கு வாரம் பயிற்சி பெற்ற பெண்கள். 12 வருஷத்தில் சாவு 31 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மார்பகத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்தார்கள். 20 வருஷ முடிவு 2021-ல் வந்தது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே பலன் இல்லை. யாருக்குப் பலன், யாருக்கு இல்லை என்றுகூடச் சொல்லிவிட்டார்கள் பாருங்கள். இதல்லவா ஆதாரம்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் (இப்போது தாராசிவ்) 1,31,746 பெண்கள். எச்.பி.வி. டெஸ்ட் ஒரே ஒரு முறை செய்த குழுவில் எட்டு வருஷத்தில் 34 சாவு, எதுவும் செய்யாத குழுவில் 64. அந்த ஆய்வில் வினிகர் முறையால் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இன்று உலக சுகாதார அமைப்பு முதலில் பரிந்துரைப்பது எச்.பி.வி. டெஸ்டை. அது கிடைக்காத இடத்தில் வினிகர்.

திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் பரிசோதனை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் முடிவு வந்தது.

இவற்றில் ஒன்றுகூட அந்த எண்பதில் இல்லை. காரணம் எளிது. ரத்தம் எடுக்கும் பையன் இவற்றை பைக்கில் வந்து செய்துவிட்டுப் போக முடியாது. ஒரு மிஷினில் ஒரு ட்யூப் ரத்தத்தைப் போட்டு எண்பது எண்ணை அச்சடிப்பதில் இருக்கும் மார்ஜின், ஒரு நர்ஸ் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பதில் கிடையாது.

இன்னொரு விஷயம், இதை நினைத்தால் கை நடுங்குகிறது. குலுக்கல் ஆய்வு என்றால் டெஸ்ட் செய்யாத பக்கம் ஒன்று வேண்டும் என்றேனே. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் மூன்றிலும் அந்தப் பக்கம் இருந்தது நம் பெண்கள்தான். அந்தப் பக்கத்தில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தார்கள். சோதனை பலன் தரும் என்று தெரிந்த பிறகும் இத்தனை பேரைச் சோதிக்காமல் விட்டது அறமா என்று 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் கடுமையான விவாதம் நடந்தது. அன்றைக்கு இந்தியாவில் எந்தப் பெண்ணுக்குமே இந்தச் சோதனை கிடைக்கவில்லை, இருந்த நிலையோடுதான் ஒப்பிட்டோம் என்பது செய்தவர்கள் பதில். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்த ஏழைப் பெண்களிடம் நாம் கடன் வாங்கியிருக்கிறோம். வாங்கிய கடனில் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருப்பது, அந்தக் கணக்கை வாராக்கடனாக எழுதித் தள்ளுவதற்குச் சமம்.

அப்படித்தான் தள்ளியிருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாடு பரவாயில்லை என்று பெயர், அங்கேயே 10-க்கு ஒருவர்தான். இந்த நோயில் நாட்டில் வருஷத்துக்கு இறக்கிறவர்கள் ஏறக்குறைய 80,000 பெண்கள் என்பது 2022 மதிப்பீடு.

என்னதான் செய்வது?

நம் வீடுகளில் செக்கப் என்றாலே ஊரில் இருக்கும் அப்பா அம்மா ஞாபகம்தான் வருகிறது. கருப்பைவாய்ச் சோதனை யாருக்குத் தேவை? 30 தாண்டிய பெண்களுக்கு. உங்கள் வீட்டுத் தங்கமணிக்கு. அக்காவுக்கு, தங்கைக்கு, மச்சினிக்கு, வீட்டு வேலைக்கு வருகிற பாயிக்கு. ஊருக்கு எண்பது டெஸ்ட் அனுப்புகிற எத்தனை பேர் பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் "எச்.பி.வி. டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டிருக்கிறோம்? கேட்கக் கூச்சம். பெண்களுக்கும் போகக் கூச்சம். எண்பது டெஸ்டுக்குக் கூச்சம் தேவையில்லை, அதனால்தான் அது விற்கிறது.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு: 50 தாண்டியிருந்தால் பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும். கருப்பைவாய்ச் சோதனை இதுவரை ஒருமுறைகூடச் செய்யவில்லை என்றால், எதுவரை தேவை என்று மகளிர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மூன்றையும் அரசு சுகாதார நிலையங்களில் செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-லேயே வந்துவிட்டது.

இருவருக்கும் பி.பி. பார்க்க வேண்டும். சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. "எண்பது வயசுக்கு மேல மாத்திரை எதுக்கு" என்பவர்களுக்கு: 80 தாண்டி, பி.பி. 160-க்கு மேல் இருந்த 3,845 பேரை வைத்துக் குலுக்கல் முறையில் செய்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் மொத்தச் சாவே 21 சதவீதம் குறைந்ததாக 2008-ல் வந்தது. பேக்கேஜுக்குக் கொடுக்கிற காசில் புஜத்தில் கட்டுகிற நல்ல பி.பி. மிஷின் ஒன்று வாங்கி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் "என்ன ரீடிங்?" என்று கேளுங்கள்.

உடம்பில் தொந்தரவு இருந்தால் கதை வேறு. கட்டி, ரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, ஆறாத வாய்ப்புண், மூச்சுத் திணறல் என்று எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், அவர் சொல்லும் எல்லா டெஸ்டும் எடுக்க வேண்டும். நான் சண்டை போடுவது ஒரு தொந்தரவும் இல்லாத பெரியவரை எண்பது எண்ணாகப் பிரித்து விற்பவர்களோடு.

"எங்க மாமாவை செக்கப்தான் காப்பாத்திச்சு" என்று யாராவது எழுதுவீர்கள். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு மாமாவை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்காகத்தான் திண்டுக்கல்லில் அத்தனை கிராமம் சுற்றினார்கள். அடுத்த தடவை தள்ளுபடி மெசேஜ் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டெஸ்ட் எடுத்தவங்கள்ல சாவு குறைஞ்சுதுன்னு குலுக்கிப் போட்டுப் பாத்த ஆய்வு எது?" பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

டிஸ்கி: ஏற்கெனவே சர்க்கரை, இதயம், தைராய்டு என்று சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன டெஸ்டுகளை இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அவை செக்கப் இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி.